வளைந்த சீட்டு

குறி பார்க்கும் எழுபத்தெட்டு டாரட் சீட்டுகளை எவ்வளவு கலைத்தாலும், ஒரு வாரமாக அவளுக்கு ஒரே சீட்டுதான் வந்தது: அடுக்கிய கோப்பைகளை அப்படியே விட்டுவிட்டு, முதுகைக் காட்டி நடந்துபோகும் ஒருவன்.

"என் மனசுல என்ன இருக்குன்னு பாக்கத்தான் தினம் ஒண்ணு எடுக்கிறேன். என் மனசுல இது இல்லவே இல்லையே," என்றாள் மனைவி. "நீங்க என்னை விட்டுட்டுப் போகப் போறீங்களா?"

"உளறாதே. கொடு இப்படி."

அச்சகத்தில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கணவன் சீட்டுக்கட்டை வாங்கினான். கலைத்து, கட்டை இரண்டாகப் பிரித்தான். அதே சீட்டு.

சீட்டை உள்ளே செருகி, கட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தான். நடுவில் மயிரிழை அளவு இடைவெளி.

"விதியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இந்தச் சீட்டு மட்டும் லேசா வளைஞ்சிருக்கு. பிரிக்கிறப்ப விரல் அந்தச் சந்துலதான் போய் நிக்கும். கட்டைவிரலால ரொம்ப நேரம் அழுத்திப் பிடிச்சா இப்படித்தான் வளையும். நீ இதையே வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்க."

"நானா? பயந்துபோய் உடனே உள்ள வச்சிடுவேன்."

அவள் சீட்டின் ஓரத்தைக் காட்டினாள். அங்கே அச்சு மையில் ஒரு கட்டைவிரல் ரேகை.

அவன் மை படிந்த தன் கட்டைவிரலை வேட்டியில் துடைத்தான்.

"நீ குளிக்கப் போறப்ப தினமும் எடுத்துப் பாப்பேன்," என்றான். "உன்னை விட்டுப் போக இல்ல. உங்கண்ணனோட அச்சகத்தை விட்டுப் போக. பன்னெண்டு வருஷமாச்சு. சொல்லத்தான் வாய் வரல."

அவள் தன் அண்ணனின் எண்ணை அழுத்தி, கைபேசியை அவனிடம் நீட்டினாள்.

"சொல்லிடுங்க. சீட்டு தானா நிமிர்ந்துடும்."