கால் தெரியாத படம்

குற்றவாளிக் கூண்டில் ஆள் இல்லை. ஆள் கடல் கடந்து எங்கோ சுகமாக இருந்தான். மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று பெரிய பெயர் வைத்து, அவன் இல்லாமலேயே வழக்கை நடத்தினார்கள். கோட்டுப் போட்டு மார்பளவில் சிரிக்கும் அவனுடைய படத்தைச் சாட்சி சொல்ல வந்த நாகபூசணியிடம் நீட்டினார்கள்.

சண்டைக் காலத்தில் ஒருநாள் பட்டாளம் ஊரையே பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டி, ஆண்களை வரிசையாக நடக்கவிட்டது. கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட சாக்கால் தலையை மூடிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தவன் யாரைப் பார்த்துத் தலையாட்டினானோ, அவன் வீடு திரும்பவில்லை. அவளுடைய கணவனைப் பார்த்தும் ஆட்டினான். அந்தச் சாக்குக்குள் இருந்தவன்தான் படத்தில் இருப்பவன் என்பது வழக்கு. கண்டவர்களில் மிஞ்சியிருப்பவள் அவள் ஒருத்திதான்.

"இவர்தானே அக்கா?" என்றார் சட்டத்தரணி.

"முகத்தைக் காணேல்லையே தம்பி. பொம்பிளையளை நிலத்தில இருத்தி வைச்சிருந்தவங்கள். காலைத்தான் கண்டனான். இடது பெருவிரலில நகம் இல்லை. கால் தெரியிற படம் இல்லையோ?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

சட்டத்தரணி குனிந்து மெதுவாகச் சொன்னார்: "நீங்களும் இல்லையெண்டு சொன்னால் வழக்கு விழுந்திடும் அக்கா. அவன் தப்பியிடுவான். வாயால சொல்ல வேண்டாம். சும்மா தலையை ஆட்டினால் போதும்."

அவனாகத்தான் இருக்கும் என்று அவளுக்கும் பட்டது. இல்லாமலும் இருக்கலாம். நீதிமன்றம் முழுவதும் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நாகபூசணி இரண்டு கைகளாலும் தன் தலையை ஆடாமல் இறுகப் பிடித்துக்கொண்டாள்.