சாம்பல் புதன் ஊர்வலம்

பெல்ஃபாஸ்டில் எங்கள் கத்தோலிக்கத் தெருவின் குழந்தைகள் காப்பகத்தை மூடப்போகிறார்கள். அதை எதிர்த்து நாங்கள் போகும் ஊர்வலத்துக்கு, இரு மதப்பிரிவினரின் தெருக்களையும் பிரிக்கும் மதிலுக்கு அந்தப் பக்கத்துப் புராட்டஸ்டண்ட் பெண்களும் வருகிறார்களாம்.

"அவளுங்களுக்கு என்னடி திடீர் அக்கறை?" என்றாள் ப்ரோனா. எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஊர்வலத்தன்று தன் வீட்டு வாசலில் காத்திருந்த அவர்கள் தலைவி ஹேசல், சாம்பல் புதனுக்காகச் சாமியார் கத்தோலிக்கர்களான எங்கள் நெற்றியில் இட்டிருந்த சாம்பல் சிலுவையையே முறைத்தாள்.

"இப்படியேவா வரப்போறீங்க? யார் எந்தப் பக்கம்னு அதிகாரிங்களுக்குப் பார்த்ததுமே தெரிஞ்சிடுமே!"

"அழிக்க மாட்டோம்," என்றேன்.

ஹேசல் தன் பெண்களோடு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"கழட்டி விட்டுட்டாங்க. நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள் ப்ரோனா.

கதவு திறந்தது. வந்த பதினெட்டுப் பேர் நெற்றியிலும் சாம்பல் சிலுவை.

"இப்ப பிரிச்சுப் பார்க்கட்டும்," என்றாள் ஹேசல். "அடுப்புச் சாம்பல்தான். உங்க சாமியார்கிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க!"