சுவர் முடியும் இடம்

கரையோரப் பொறியாளர் மூன்றாவது முறையாக ஓரகத்தியின் வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் மூத்தவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. கடல் இரண்டு வீட்டு வாசலையும்தான் அரித்துக்கொண்டிருந்தது. ஆனால் அளவெடுப்பது, டீ குடிப்பது எல்லாம் அங்கேதான்.

"காக்கா பிடிச்சு, தடுப்புச் சுவரைத் தன் வீட்டுக்கு மட்டும் வாங்கிட்டா பாருங்க," என்று கணவனிடம் பொருமினாள்.

"சின்னவ அப்படிப்பட்டவ இல்லடி."

"ஆமா, தம்பி பொண்டாட்டின்னா உங்களுக்குத் தங்கம்! நான்தான் தகரம்."

மறுநாள் ஊர்க்கூட்டத்தில் பொறியாளர் வாயைத் திறப்பதற்குள் இவள் எழுந்துவிட்டாள். "சுவர் அவ வீட்டுக்கு மட்டும்தானா சார்? எங்க வீடு கடலோட போகட்டுமா?"

பொறியாளர் குழப்பத்தோடு கண்ணாடியைக் கழற்றினார்.

"சுவர் உங்க வீட்டோட முடியுதும்மா. அதைத் தாண்டிக் கட்டினா ஆறு கடல்ல சேர்ற வாய் அடைச்சுக்கும். ஆனா சுவர் முடியற இடத்துல அலை திரும்பி, அடுத்து இருக்கற அவங்க வீட்டை இன்னும் வேகமா அரிக்கும். அதனால அவங்க காலி பண்ணணும். சம்மதம் கேட்கத்தான் திரும்பத் திரும்பப் போனேன். 'அக்கா வீடாவது நிக்கட்டும்'னு நேத்துதான் ஒத்துக்கிட்டாங்க."

பின்வரிசையிலிருந்து எழுந்து வந்த ஓரகத்தி, தயங்கித் தயங்கி மூத்தவளின் கையைத் தொட்டாள்.

"அக்கா... மேட்டுல கவர்மெண்ட் வீடு தர்ற வரைக்கும் உங்க வீட்ல ஒரு ரூம் கிடைக்குமா?"