சரிந்து நின்ற ஈரக்கோடு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கோ, கண்ணுகளா. மட்டாஞ்சேரியில் எண்பத்திரண்டாம் வருஷம் நடந்ததைச் சொல்றேன்.

சீதாலக்ஷ்மியின் பெண்ணைப் பார்க்க அன்று சாயங்காலம் பாலக்காட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பாயசம் பாதி கொதிக்கையில் காஸ் அடுப்பின் தீ சுருங்கிற்று. வேறு சிலிண்டர் இல்லை. மிச்சம் பார்க்க, எல்லோரும் செய்வதுபோல் ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்தாள். உள்ளே காஸ் திரவமாக நிற்கும் உயரம்வரை ஈரம் தங்கும். வெறும் ஆவி இருக்கும் மேல்பாகம் சட்டென்று காய்ந்துவிடும்.

அடியில் தங்கிய ஈரத்தின் கோடு ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது.

"தரை சரிவோ மன்னி?" என்றாள் நாத்தனார் அம்மிணி.

"உன் கண்ணுதான் சரிவு. சிலிண்டர் நேராத்தானே நிக்கறது."

தீ மறுபடி நீலமாக எழும்பிற்று.

காஸ் தீரும்போது சிலிண்டரைக் கையால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பது சீதாலக்ஷ்மியின் கணவரின் வழக்கம். அவர் காலமாகி வருஷம் கழிந்துவிட்டது.

அவள் முந்திரியை வறுத்துப் போட்டு அடுப்பை அணைத்தாள். மறுபடி துடைத்தாள். கோடு சரிந்தே இருந்தது.

"பாயசம் ஆயாச்சு," என்றாள் மெதுவாக. "கீழே வையுங்கோ. கை வலிக்கும்."

ஈரக்கோடு மெல்ல மெல்ல மட்டமாயிற்று.

உங்க ஆத்துல நல்ல காரியம் நடக்கறபோது எந்தக் குறையும் வராம இருக்கட்டும், குழந்தைகளே.