வைக்கோல் பில்

"இந்தப் பில்லை சாஃப்ட்வேர் படிக்காது மேடம். விட்டுடுங்க," என்றான் அருள்முருகன்.

"படிக்கணும்," என்றாள் ஸ்டெல்லாமேரி.

தட்டாஞ்சாவடியில் பீங்கான் சாமான் செய்யும் அந்தக் கம்பெனிக்குக் கணக்குப் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். சரக்குக் கொடுப்பவர்களின் பில்களைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிப்பதிலேயே அவளுக்குப் பாதி நாள் போய்விடும். இனி அந்தத் தொல்லை இல்லை. பில்லை போட்டோ எடுத்துப் போட்டால் போதும், பேர், சரக்கு, தொகை எல்லாவற்றையும் சாஃப்ட்வேரே படித்துக் கணக்கில் ஏற்றிவிடும். அதைப் பொருத்திக் கொடுக்கத்தான் அருள்முருகன் வந்திருந்தான்.

களிமண், பெயிண்ட், அட்டைப்பெட்டி என்று எந்தப் பில்லைக் காட்டினாலும் அது கண்மூடித் திறப்பதற்குள் படித்தது. வைக்கோல் பில்லில் வந்து மாட்டிக்கொண்டது. சாமான் உடையாமல் பெட்டியில் அடைக்க, பாகூர்ப் பக்கத்திலிருந்து வைக்கோல் கொண்டுவருபவர் மண்ணாங்கட்டி. பில் புத்தகத்தில் பேனாவால் எழுதின பில் அவருடையது மட்டும்தான். அதிலிருந்த நூற்றி இருபது கட்டு என்பதை எழுநூற்றி இருபது என்று கணக்கில் ஏற்றியது சாஃப்ட்வேர்.

முதலாளி கமலக்கண்ணன் எட்டிப் பார்த்தார்.

"எழுநூத்தி இருபது கட்டா? கம்பெனியே வைக்கோப்போரா ஆயிடும். ஒரு ஆளுக்காக எல்லாத்தையும் நிறுத்தி வைக்க முடியாது ஸ்டெல்லா. அடுத்த மாசத்துலேர்ந்து பிரிண்ட் பில்லு குடுக்கச் சொல்லு. முடியலன்னா வேற ஆளப் பாத்துக்கலாம்."

"அவரு பிரிண்டுக்கு எங்க சார் போவாரு? நம்மள விட்டா அவருக்கு வேற கம்பெனி கெடயாது. போன மழையில மத்தவங்கல்லாம் ஈர வைக்கோல அனுப்பினப்ப, தார்ப்பாய் போட்டு மூடி காஞ்சதா கொண்டாந்தவரு அவருதான்."

"அதுக்கு?"

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார். இது அவரு பில்லப் படிக்கும். நான் படிக்க வைக்கிறேன்."

"படிக்கலன்னா அவர நிறுத்திடுவேன், பாத்துக்க," என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னால் செய்கிற மனிதர்.

அருள்முருகன் தலையைச் சொறிந்தான். பழைய பில்களைக் காட்டி, எது என்ன என்று சொல்லிக்கொடுத்தால் சாஃப்ட்வேர் அந்தக் கையெழுத்துக்குப் பழகலாம் என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் அலமாரியிலிருந்த வைக்கோல் பில்கள் அத்தனையும் மேசைக்கு வந்துவிட்டன.

அவன் ஒவ்வொன்றாகக் காட்டினான். அவள் ஒரு தடவைகூடத் திணறாமல் கடகடவென்று படித்துக்கொண்டே போனாள்.

"எப்படி மேடம் படிக்கிறீங்க? கோழி கிளறினாப்ல இருக்கு. அந்தாளு லோடு வண்டியில ஒக்காந்துகிட்டே எழுதுவாரா?"

"அவ்ளோ மோசம் ஒண்ணும் இல்ல," என்றாள் வெடுக்கென்று.

"சரி, இது ஒண்ணா, ஏழா?"

"ஒண்ணு. பிரெஞ்சு சொல்லிக் குடுக்குற பள்ளிக்கூடத்துல படிச்சவங்க ஒண்ணுக்கு இப்படித்தான் தலைய நீட்டி எழுதுவாங்க. ஏழா இருந்தா நடுவுல ஒரு கோடு இருக்கும். வெளியூர்க்காரங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது?"

"நானும் இந்த ஊருதான் மேடம், மூலக்குளம்."

"அப்ப இன்னும் மோசம்."

அவன் அடுத்த பில்லை எடுத்துக் காட்டினான்.

சாஃப்ட்வேர் லேசில் மசியவில்லை. ஒருமுறை வைக்கோலை வக்கீல் என்று படித்து, நூற்றி இருபது வக்கீல்களைக் கம்பெனிக்குள் இறக்கியது. அருள்முருகன் சிரித்தான். ஸ்டெல்லாமேரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் டிபன் பாக்ஸ் திறக்காமலே கிடந்தது. தப்பைத் திருத்தினார்கள். அடுத்த பில்லைக் காட்டினார்கள். மறுபடி தப்பு, மறுபடி திருத்தம். "போதும் மேடம்" என்று அவன் மூன்றாவது முறையாகச் சொன்னபோது, "அடுத்தது காட்டு தம்பி" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் கமலக்கண்ணன் வந்து, தன் கையாலேயே ஒரு வைக்கோல் பில்லை உருவி போட்டோ எடுத்தார். ஸ்டெல்லாமேரி கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள்.

மண்ணாங்கட்டி. வைக்கோல். நூற்றி இருபது கட்டு. திரையில் எல்லாம் சரியாக வந்து நின்றது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பரவால்லயே," என்றார் கமலக்கண்ணன். "இந்தக் கிறுக்கலையே படிச்சிடுச்சுன்னா இனிமே எதையும் படிச்சிடும்பா."

அருள்முருகன் விழுந்து விழுந்து சிரித்தான். ஸ்டெல்லாமேரி முகத்தைத் துடைத்துக்கொண்டு பில்களை அள்ளி அலமாரியில் வைத்தாள்.

சனிக்கிழமை வைக்கோல் லோடு வந்தது. கேட்டில் செக்யூரிட்டி கட்டுகளை எண்ணிக் கொடுத்த சீட்டுடன் மண்ணாங்கட்டி அவள் மேசைக்கு வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தபடி எதிரே உட்கார்ந்தார்.

"என்னை நிறுத்திடுவாங்கன்னு கேட்ல பேசிக்கினாங்களேம்மா?"

"இனிமே உங்கள யாரும் நிறுத்த முடியாது பெரியவரே. மிஷினே உங்க பில்லப் படிக்குது."

மண்ணாங்கட்டி கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் பைக்குள்ளிருந்து பில் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்து, வழக்கம்போல அவள் முன்னால் வைத்தார்.

"எனக்கு எழுதத் தெரியாதுன்னு நீங்கதான் எழுதித் தரீங்க, கொற சொல்லக் கூடாது," என்று தயங்கினார். "ஆனா இனிமேலாச்சும் கொஞ்சம் நிதானமா எழுதுங்கம்மா. உங்க கையெழுத்துக்கு அந்தத் தம்பி ரெண்டு நாளா என்னைத் திட்டிச்சாமே."