உப்பு படாத கார்

றொகான் அண்ணனின் கார் மகேந்திரராஜா அங்கிளின் டான்டினோங் கராஜில் தலைக்கு மேலே தூக்கப்பட்டு நின்றது.

கூரை திறக்கிற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இருக்கை இரண்டே இரண்டு.

வெளியே ஜூலை மழை; மெல்பேர்னில் அது குளிர்காலம். ஈரத் தெருவில் சக்கரம் படக்கூடாது என்று நோபல் பார்க் வீட்டிலிருந்து அதை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தோம். ஓடுகிற காரை எதற்கு ஏற்றுகிறீர்கள் என்று லொறிக்காரன் கேட்டான்.

வீட்டுக் கராஜின் சீமெந்துத் தரையில், காருக்கு நேர் கீழே, ஒரு பழுப்புச் சொட்டு. கறள், இரும்பின் துரு. அதைக் கண்ட நாளிலிருந்து அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. காருக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டான்.

குளிர்காலத்தில் கார் வெளியே போகாது. கனடாக்காரன் ஒருவனின் வீடியோக்களில் அண்ணன் கற்ற பாடம் அது. பனி உருகத் தெருவில் உப்புத் தூவுவார்கள். உப்பு அடித்தகரத்தைத் தின்னும். மெல்பேர்ன் தெருக்களில் யாரும் உப்புத் தூவுவதில்லை என்று நான் சொன்னேன்.

"நீ கார் வச்சிருக்கிறியோ?" என்று கேட்டான்.

இல்லை. நான் ரயிலில் போகிறவன்.

போன குளிர்காலத்தில் அம்மா ஒரே ஒரு தடவை கேட்டார். டொனா புவாங் மலையில் பனி விழுந்திருக்கிறதாம், இந்தக் காரில் போய் ஒருக்காப் பார்த்துவிட்டு வரலாமா என்று. மன்னார் வெயிலில் வளர்ந்தவர். பிரிட்ஜுக்கு வெளியே ஐஸ் பார்த்ததில்லை.

"அங்க உப்புப் போடுவாங்களம்மா. கார் கறள் பிடிச்சிடும்."

"பனிக்கும் உப்புப் போடுறவையோ?" என்று கேட்டுவிட்டு அம்மா குசினிக்குள் போய்விட்டார்.

அங்கிள் காரை இறக்கினார். சாரதி இருக்கையைக் கழற்றிக் கம்பளத்தைத் தூக்கினார்.

தகரம் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. அதன்மேல் சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஞாயிறு பூசைத் தாளைக் கிழித்துச் சுற்றியவை. ஊறிக் கிடந்தன.

அங்கிள் ஒன்றைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"தம்பி, இது உப்பெல்லோ. காருக்குள்ளயோ கறி வைக்கிறனியள்?"

அங்கிள் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர். அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மாதத்தின் முதல் வெள்ளி, மாதா கோயிலில் பூசை முடிய, சுவாமியார் மந்திரித்துக் கொடுக்கும் உப்பு. அண்ணன் வேலைக்குப் போனதும் அம்மா கராஜுக்குள் போவார். ஒருநாள் பார்த்துவிட்டேன். பாதி உடம்பு காருக்குள், பாதி வெளியே.

"வேகமான கார் எண்டு சொல்லுறாங்கள். பிள்ளைக்கு ஒரு காவல் வேணும். அவனிட்டச் சொல்லிப்போடாதையடா."

உப்பு, தகரம் என்று ஏதோ இழுத்தேன்.

"கோயில் உப்பால கறள் பிடிக்காது" என்றார்.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் இரசாயனம் படிக்கிறவன். பேசாமல் இருந்துவிட்டேன்.

ஞாயிறுதோறும் அண்ணன் காரின் அடிப்பக்கத்தைக்கூடக் குழாய் பிடித்துக் கழுவுவான். கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. எதிரி வெளியே இருக்கிறான் என்று நம்பியவன்.

அம்மா வைத்த கோயில் உப்பு என்று இருவருக்கும் சொன்னேன். அண்ணன் பூசைத் தாள் துண்டொன்றை உள்ளங்கையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மே மாதத் தாள்.

அங்கிள் மற்றப் பக்கத்தையும் தூக்கிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் புத்தம் புதுசு. சீற்றுக்குப் போட்ட பிளாஸ்டிக்கைக்கூடக் கழற்றேல்லை. இதில ஒருத்தரும் இருக்கிறேல்லையோ?"

அண்ணன் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"சரி, கார் மூண்டு நாள் இஞ்ச நிக்கட்டும். அம்மாட்டையும் சொல்லிவிடுங்கோ, இனி உப்பு வைக்க வேண்டாமெண்டு."

"இனி வைக்கமாட்டா, அங்கிள்" என்றான் அண்ணன். "போன ஞாயிறுதான் அம்மாட ஆத்துமாவுக்கு முப்பத்தோராம் நாள் பூசை முடிஞ்சது."

அங்கிள் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தார்.

"சீற்றைத் திருப்பிப் பூட்டுங்கோ. காரைப் பிறகு கொண்டுவாறன்" என்றான் அண்ணன்.

அங்கிள் பூட்டி முடிக்கும்வரை அண்ணன் மற்ற இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக்கொண்டிருந்தான். பிறகு பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்த இருக்கையில் வைத்தான். சீற் பெல்ற்றை இழுத்துப் பூட்டினான். காரை வெளியே எடுத்துக் கூரையைத் திறந்தான்.

மழை உள்ளே விழுந்தது.

"எங்க அண்ணா போறாய்?"

"பனி பார்க்க."

"நானும் வாறன்."

அண்ணன் பக்கத்து இருக்கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இடமில்லை, நிஷான்."

டான்டினோங் ஸ்டேஷன்வரை நடந்தேன். நான் ரயிலில் போகிறவன்.