திறந்து வைத்தார்

புது ஆஸ்பத்திரிக்குத் திறப்பு விழா நடந்து ஆறு மாசம் ஆச்சுங்க. செவுத்துல கல்வெட்டு, கதவுல பூட்டு.

ஒரு நாள் ஊர் நர்சம்மா, பிரசவ வலியில துடிச்ச ஒருத்தியை ஆட்டோல கூட்டியாந்தாங்க. அவங்ககிட்ட சாவி இல்ல. கதவைத் தட்டுனாங்க.

"எதுக்குத் தட்டுறா? தொறந்துதானே இருக்கு?"ன்னுச்சு கல்வெட்டு.

"அப்ப நான் யாருண்ணே?"ன்னுச்சு பூட்டு.

"என்னைப் படிடா! 'திறந்து வைத்தார்'னு போட்டிருக்கு. கல்லுல வெட்டினது பொய்யாவுமா?"

"பதினாலு பேரு வெட்டியிருக்கே, டாக்டர் பேரு எங்கண்ணே?"

"அதுக்கு எடம் பத்தலடா."

படியில அவ "அம்மா"ன்னு அலறுனா. நர்சம்மா செங்கல்லைத் தூக்குனாங்க.

"ஐயோ, அரசாங்கச் சொத்து!"ன்னு கத்துச்சு கல்வெட்டு.

"ஓங்கி அடிங்கம்மா"ன்னுச்சு பூட்டு. "நான் தாங்க மாட்டேன்."